கர்ப்பகால பிரஷருக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தில் இருக்கும் பெண்கள் டாக்டர் எழுதிய சீட்டோடு வருவார்கள். சீட்டில் 'எஸ்-ஃப்ளிட்-1 / பிஎல்ஜிஎஃப் ரேஷியோ' என்று இருக்கும். பிரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால நோய் வருமா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை அது. "இது எதுக்கும்மா எடுக்கிறாங்க? குழந்தைக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கூட வந்த அம்மா கேட்பார். கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கிற மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

பிரீஎக்ளாம்ப்சியா என்றால் என்ன? கர்ப்பத்தில் பிரஷர் ஏறுவதுதானே?

பிரஷர் அதில் ஒரு பகுதி. அதுவரை சரியாக இருந்த ரத்த அழுத்தம் 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொடுகிறது. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. இது மட்டும் இருந்தால் 'கர்ப்பகால ரத்த அழுத்தம்'. இதோடு சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை ஆகியவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டாலோ அது பிரீஎக்ளாம்ப்சியா. தமிழில் முன்சூல்வலிப்பு என்று எழுதுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். நம் பாட்டிமார் 'பிரசவத்துல ஜன்னி வந்துடுச்சு' என்று சொன்ன மரணங்களில் பல இந்த வலிப்பாகத்தான் இருந்திருக்கும்.

நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இது வருவதாகச் சொல்வார்கள். அபூர்வமான நோய் இல்லை.

பி.பி. பார்த்தாலே தெரிந்துவிடுமே, ரத்தம் எதற்கு?

பல சமயம் தெரிந்துவிடும். பிரஷர் 170, சிறுநீரில் புரதம், தாங்க முடியாத தலைவலி என்று ஒரு பெண் வந்தால் எந்த ரத்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது, சிகிச்சைதான் முதலில்.

சிக்கல் நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான். பிரஷர் 138, அடுத்த நாள் 144, அப்புறம் 136. கால் வீங்கியிருக்கிறது, ஆனால் எட்டாம் மாதத்தில் யாருக்குத்தான் கால் வீங்கவில்லை? லேசான தலைவலி இருக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லாததாலும் இருக்கலாம். இவரை வீட்டுக்கு அனுப்புவதா, வார்டில் வைப்பதா?

என் அக்காவை இப்படித்தான் 31ஆவது வாரத்தில் அட்மிட் செய்தார்கள். எங்கள் ஊரில் அப்போது இந்தப் பரிசோதனை கிடையாது. 24 மணி நேர சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன், அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பேரும் தொடங்கிய நேரமும் எழுதியிருந்தது. நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை மறந்துபோய்க் கழிவறையிலேயே போய்விட்டாள். அவ்வளவுதான், கேனைக் கொட்டிவிட்டு மறுநாள் காலையிலிருந்து மறுபடி முதல். வீட்டில் மூன்று வயதுப் பையன் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். ஒன்பது நாள் கழித்து 'வெறும் பிரஷர்தான், மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருங்கள்' என்று அனுப்பினார்கள். டாக்டர்கள் செய்தது தப்பே இல்லை, கையில் இருந்ததை வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் 'அடுத்த ஒரு வாரத்துக்குப் பயமில்லை' என்று சொல்ல இன்று ஒரு குழாய் ரத்தமும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அந்தக் கேன் நினைவில் இருப்பதால்தான் இந்தப் பரிசோதனை மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

இரண்டு புரதங்களை. இரண்டும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறவை.

முதலாவது பிஎல்ஜிஎஃப். நஞ்சுக்கொடி சுரக்கிற வளர்ச்சிக் காரணி. ரத்தக் குழாய்களை வளர்ப்பதும், அவற்றின் உட்சுவரை நல்ல நிலையில் வைப்பதும் இதன் வேலை. ஒழுங்காக வளர்கிற கர்ப்பத்தில் இது மாதத்துக்கு மாதம் கூடி, 30 வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும்.

இரண்டாவது எஸ்-ஃப்ளிட்-1. இது அந்த வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொள்கிற ஏற்பி. ஏற்பி என்றால் வழக்கமாகச் செல்லின் மேல் பதிந்து இருக்கும். இது மட்டும் கழன்று ரத்தத்தில் மிதக்கும். மிதந்தபடியே பிஎல்ஜிஎஃப்பையும், அதன் உறவான விஈஜிஎஃப் என்ற காரணியையும் பிடித்துக்கொண்டுவிடும். பிடிபட்டவை ரத்தக் குழாய்க்குப் போய்ச் சேராது.

இப்போது பிரீஎக்ளாம்ப்சியாவில் நடப்பதைப் பாருங்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கருப்பையின் சுருள் தமனிகள் அகலமாகி, நஞ்சுக்கொடிக்கு ரத்தத்தைத் தாராளமாக விட வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகலமாவதில்லை. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி எஸ்-ஃப்ளிட்-1-ஐ அளவுக்கு மீறி வெளியே விடுகிறது. தாயின் உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவர் நலிகிறது. குழாய் இறுகுவதால் பிரஷர் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டி கசிவதால் புரதம் வெளியே போகிறது. கல்லீரலிலும் மூளையிலும் இதே கதைதான்.

இதை 2003-இல் பாஸ்டனைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமாஞ்சியும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் காட்டினார்கள். எஸ்-ஃப்ளிட்-1-ஐ எலிகளின் உடம்பில் அதிகமாக்கியபோது அவற்றுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகத்தில் பிரீஎக்ளாம்ப்சியாவுக்கே உரிய மாற்றம் தெரிந்தது. புற்றுநோய்க்காக விஈஜிஎஃப்பைத் தடுக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்கும் பிரஷரும் புரதக் கசிவும் வருகின்றன. கர்ப்பமே இல்லாதவர்களிடம்கூட அதே இரண்டு அறிகுறிகள்! அடுத்த ஆண்டே வெளியான இன்னொரு ஆய்வில், நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பே ரத்தத்தில் எஸ்-ஃப்ளிட்-1 ஏறத் தொடங்குவது தெரிந்தது. பிரஷர் கருவி காட்டுவதற்கு முன்பே ரத்தம் காட்டுகிறது. இந்தப் பரிசோதனைக்கு அதுதான் அடிப்படை.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 30 வாரக் கர்ப்பம். எஸ்-ஃப்ளிட்-1: 1,890. பிஎல்ஜிஎஃப்: 210. இரண்டுக்கும் அலகு ஒரு மில்லிலிட்டருக்கு பிகோகிராம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 9. இதுதான் ரேஷியோ.

38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரீஎக்ளாம்ப்சியா வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 2016-இல் வெளியான பிராக்னோசிஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், இப்படி 'இல்லை' என்று வந்த முடிவு 99.3 சதவீதம் சரியாக இருந்தது. ஆயிரம் பேரில் ஏழு பேருக்குத்தான் அந்த வாரத்துக்குள் நோய் வந்தது என்று அர்த்தம்.

இன்னொரு ரிப்போர்ட். அதே 30 வாரம். எஸ்-ஃப்ளிட்-1: 4,180. பிஎல்ஜிஎஃப்: 92. ரேஷியோ 45. இதைப் பார்த்துத்தான் குடும்பமே கலங்கிப் போகும். அதே ஆய்வில் 38-ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது நூற்றுக்கு 37 பேருக்குத்தான். மீதி 63 பேருக்கு வரவில்லை. ஆக, 45 என்ற எண் 'நோய் இருக்கிறது' என்று சொல்லவில்லை, 'கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்' என்கிறது. 34 வாரத்துக்கு முன் 85-ஐயும், 34 வாரத்துக்குப் பின் 110-ஐயும் தாண்டினால்தான் நோய் இருப்பதற்கான வாய்ப்பு பலமாகிறது.

சில இடங்களில் பிஎல்ஜிஎஃப் மட்டும் எடுப்பார்கள். அதில் 100-க்கு மேல் இருந்தால் நல்லது, 12-க்குக் கீழே என்றால் மிகக் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த எல்லைகள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 38 ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கானது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 மே மாதம் அனுமதித்த பரிசோதனை வேறொரு நிறுவனத்துடையது, அதன் எல்லை 40. அங்கே கேட்கிற கேள்வியும் வேறு: பிரஷருக்காக ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்குள் நோய் தீவிரமாகுமா என்பது. அதனால் ஒரு கூடத்து ரிப்போர்ட்டை இன்னொரு கூடத்து ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டாம். இரண்டாவது தடவை எடுப்பதானால் முதலில் எடுத்த இடத்திலேயே எடுங்கள்.

ரேஷியோ குறைவாக வந்துவிட்டது. இனி பிரசவம் வரை நிம்மதியாக இருக்கலாமா?

ஒரு வாரத்துக்கு நிம்மதியாக இருக்கலாம். அந்த வாரத்திலும் பிரஷர் பார்ப்பதை நிறுத்தக் கூடாது.

இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தலைவலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்குவது, கண் முன்னால் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், ஒரே நாளில் முகமும் கையும் ஊதிப் போவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் எண் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். மேல் வயிற்று வலியை கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கல்லீரல் வீங்குகிற வலியும் அப்படியேதான் இருக்கும்.

ரேஷியோ அதிகம். உடனே ஆபரேஷன் செய்துவிடுவார்களா?

இல்லை. எண்ணை மட்டும் பார்த்துப் பிரசவத்தை முடிவு செய்வதில்லை. பிரஷர் எவ்வளவு, மருந்துக்குக் கட்டுப்படுகிறதா, கல்லீரல், சிறுநீரகம், தட்டணு எப்படி, குழந்தையின் வளர்ச்சியும் நஞ்சுக்கொடி ரத்த ஓட்டமும் எப்படி, இத்தனையும் சேர்ந்துதான் முடிவு.

பிரஷருக்கு லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மாதிரி மருந்துகள் உண்டு. குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று தோன்றினால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் போடுவார்கள். 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த சுமார் 10,000 பெண்களிடம் இதைப் பார்த்தார்கள், வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. மலிவான மருந்து. எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஊசி போடும்போது உடம்பெல்லாம் சூடாக உணர்வார்கள், பயப்பட வேண்டாம்.

கடைசி மருந்து பிரசவம்தான், ஏனென்றால் நோயின் மூலம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. பிரீஎக்ளாம்ப்சியா உறுதியாகி 37 வாரம் ஆகிவிட்டால் காத்திருப்பதில் லாபம் இல்லை. அதற்கு முன்னால் என்றால், நோயின் தீவிரத்தைப் பார்த்து ஒவ்வொரு நாளாக முடிவெடுப்பார்கள்.

இதை யாருக்கு எடுப்பது? எல்லாக் கர்ப்பிணிகளும் எடுத்துக்கொள்ளலாமா?

தேவையில்லை. 20 வாரம் தாண்டி 37 வாரம் ஆவதற்குள், நோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தவர்களுக்குத்தான் இது. எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் 'பேக்கேஜில் இருக்கிறதே' என்று எடுத்துக்கொண்டால் வீண் செலவு, கூடவே வீண் பயம். 37 வாரத்துக்குப் பிறகு எடுத்தும் பெரிய பயன் இல்லை. கடைசி வாரங்களில் ஆரோக்கியமான கர்ப்பத்திலும் பிஎல்ஜிஎஃப் இறங்கும், எஸ்-ஃப்ளிட்-1 ஏறும்.

சரியான ஆளுக்கு எடுத்தால் பலன் நிச்சயம் உண்டு. பிரிட்டனில் 11 மகப்பேறு மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட பேரட் ஆய்வில், பிஎல்ஜிஎஃப் முடிவு டாக்டர் கைக்குக் கிடைத்தபோது நோயைக் கண்டறிய ஆன நேரம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது. தாய்க்கு வரும் கடுமையான சிக்கல்களும் குறைந்தன. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் முதலில் 2016-இல் நோய் 'இல்லை' என்று சொல்வதற்கு மட்டும் இதைப் பரிந்துரைத்தது. 2022-இல் 'இருக்கிறது' என்று முடிவு செய்ய உதவவும் சேர்த்துக்கொண்டது.

ஒரு தடவை எடுத்தால் வாராவாரம் எடுக்க வேண்டுமா?

எல்லோருக்கும் வழக்கமாகத் திரும்பத் திரும்ப எடுப்பதால் குழந்தைக்கு நன்மை கூடவில்லை என்று 2024-இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. நிலைமை மாறினால், புது அறிகுறி வந்தால், டாக்டர் சொன்னால் எடுக்கலாம்.

யூரினில் உப்பு இருக்கிறது என்றார்கள். உப்பைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

நம் ஊரில் பலரையும் குழப்புகிற சொல் இது. 'யூரின்ல உப்பு' என்று செவிலியர் சொல்வது சாப்பாட்டு உப்பை இல்லை, ஆல்புமின் என்ற புரதத்தை. அந்தக் காலத்திலிருந்து வழக்கத்தில் வந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் பத்தியச் சாப்பாடு போடுகிறார்கள், உப்பில்லாத கஞ்சியாகக் கொடுக்கிறார்கள். சிறுநீரில் புரதம் போவது சிறுநீரகம் கசிவதால். உப்பை நிறுத்தினால் அந்தக் கசிவு நிற்காது. அளவாகச் சாப்பிடுங்கள். 'உப்பு' என்று சொன்னால் எத்தனை பிளஸ் என்று கேளுங்கள், பிரஷர் எவ்வளவு என்றும் கேட்டுத் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேன் வைத்து 24 மணி நேரம் சேர்க்காமல், ஒரு தடவை போகும் சிறுநீரிலேயே புரதம்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கும் வசதி இப்போது வந்துவிட்டது. 0.3-ஐத் தொட்டால் கணக்கில் எடுப்பார்கள்.

யூரிக் ஆசிட், பிளேட்லெட் (தட்டணு), எல்எஃப்டி (கல்லீரல் பரிசோதனை) எல்லாம் எழுதியிருக்கிறார்களே?

அவை வேறு வேலைக்கு. நோய் உறுப்புகளை எவ்வளவு தொட்டிருக்கிறது என்று காட்டுகிறவை. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, கல்லீரல் நொதிகள் இரண்டு மடங்காவது, கிரியாட்டினின் 1.1-ஐத் தாண்டுவது எல்லாம் தீவிரத்தின் அடையாளங்கள். யூரிக் ஆசிட் பழைய பழக்கம். அதை மட்டும் வைத்து நோய் வருமா வராதா என்று சொல்ல முடியாது. புதுப் பரிசோதனை வந்துவிட்டது என்று பிளேட்லெட், எல்எஃப்டியை விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

நோயைக் கண்டுபிடிக்க முடியாது, ஆபத்து யாருக்கு அதிகம் என்று கணிக்கலாம். 11 முதல் 14 வாரத்துக்குள் என்டி ஸ்கேன் எடுக்கும் சமயத்தில் நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: உங்கள் முந்தைய வரலாறு, ரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), ரத்தத்தில் பிஎல்ஜிஎஃப். இங்கே எஸ்-ஃப்ளிட்-1 தேவைப்படாது.

ஆபத்து அதிகம் என்று வந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள பெண்கள் தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை 36 வாரம் வரை எடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்னால் வரும் பிரீஎக்ளாம்ப்சியா அவர்களில் 1.6 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால் போன பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்கள், ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்திருந்தாலும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை கிடைக்காத ஊரிலும் இந்த வரலாற்றை வைத்தே ஆஸ்பிரின் தொடங்க முடியும். மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள்.

கால்சியம் மாத்திரையையும் தூக்கிப் போடாதீர்கள். உணவில் கால்சியம் குறைவாக இருக்கிறவர்களுக்கு அது இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. தினம் 500 மில்லிகிராமே 1,500-க்கு ஈடாக வேலை செய்கிறது என்று பெங்களூரில் 11,000 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? ரிசல்ட் எப்போது?

சாப்பிட்டுவிட்டே வரலாம். கையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்து, உறைய விட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை இயந்திரத்தில் வைப்போம். இயந்திரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது, வெளியூருக்கு அனுப்பினால்தான் தாமதம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை அதிக அளவில் எடுத்தால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள், சில இயந்திரங்களில் அது எண்ணைக் கெடுத்துவிடும். எத்தனையாவது வாரம் என்பதையும் ஸ்கேன் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். வாரம் தப்பினால் ரிப்போர்ட்டைப் படிப்பதும் தப்பும்.

எனக்கு இரட்டைக் குழந்தை / முன்பிருந்தே பிரஷர். எனக்கும் இதே எண்தானா?

இரட்டைக் குழந்தை என்றால் எஸ்-ஃப்ளிட்-1 இயல்பாகவே அதிகம் இருக்கும். மேலே சொன்ன எல்லைகள் ஒற்றைக் குழந்தைக்கானவை, அப்படியே பொருத்தக் கூடாது. முன்பிருந்தே பிரஷரோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை நன்றாகவே கைகொடுக்கும். அவர்களுக்குப் பிரஷரும் புரதமும் ஏற்கெனவே இருப்பதால் அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. ரேஷியோ ஏறியிருந்தால் நஞ்சுக்கொடி பக்கம் சந்தேகம் போகும். குழந்தையின் வளர்ச்சி குன்றியிருந்தாலும் பிஎல்ஜிஎஃப் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இல்லை. என்ன செய்வது?

அங்கே பிரஷர் பார்ப்பார்கள், சிறுநீர் பார்ப்பார்கள். அந்த இரண்டையும் ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள். விகிதப் பரிசோதனை பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நகரத்து ஆய்வகங்களிலும்தான் கிடைக்கும், விலையும் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் வீட்டுக்கு ஒரு நல்ல பிரஷர் கருவி வாங்குங்கள் என்பேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, புடவை ரவிக்கையின் இறுக்கமான கைக்கு மேலே சுற்றாமல் தோலின் மேல் சுற்றிப் பாருங்கள். தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 160/110 வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

குழந்தை பிறந்துவிட்டது. இனி ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. பிரசவம் முடிந்து முதல் வாரத்திலும், சிலருக்கு ஆறு வாரம் வரையிலும் பிரஷர் ஏறலாம், வலிப்பும் வரலாம். பிரசவம் வரை பிரஷரே இல்லாதவருக்கும் வரலாம். இந்தக் கட்டத்தில் ரேஷியோ உதவாது, பிரஷர் கருவிதான் உதவும். தாய்வீட்டில் எல்லாருடைய கண்ணும் குழந்தை மேலேயே இருக்கும். அம்மா தலை வலிக்கிறது என்றால் 'தூக்கமில்ல, அதான்' என்று விட்டுவிடாமல் முதலில் பிரஷரைப் பாருங்கள். பத்து நாள் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு அம்மாவின் பிரஷர் நோட்டையும் எடுத்துப் போங்கள்.